‘கண்டிஷனைப் பொறுத்தது சார்’: ரீஹேப்பில் சேர்த்தால் எவ்வளவு ஆகும்?

அப்பாவுக்கு வாதம் அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த நரம்பியல் மருத்துவர், "இனிமே இங்க நாங்க செய்யறதுக்கு எதுவும் இல்லம்மா, டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்" என்றார். வலது கை போட்ட இடத்தில் கிடந்தது. வலது காலில் உணர்வு இருந்தது, பலம் இல்லை. மூக்கில் குழாய். பேச்சு சுத்தமாகப் போயிருந்தது. "இப்படியே எங்க சார் கூட்டிட்டுப் போறது?" என்று அம்மா கேட்டாள். "ரீஹேப்ல சேருங்க. முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம், விட்டுடாதீங்க."

தம்பி தாம்பரத்தில் இருப்பதால் சென்னையில் ஒரு ரீஹேப் மையத்தை, அதாவது இழந்த இயக்கத்தையும் பேச்சையும் பயிற்சியால் மீட்கப் பார்க்கும் இடத்தை, பிடித்தோம். சேர்க்கை கவுண்டரில் நான் மூன்று கேள்விகள் கேட்டேன். மொத்தம் எவ்வளவு ஆகும்? "பேஷண்ட் கண்டிஷனைப் பொறுத்தது சார்." எத்தனை நாள் இருக்க வேண்டியிருக்கும்? "அதுவும் கண்டிஷனைப் பொறுத்துதான் சார்." இன்சூரன்ஸ் கிடைக்குமா? "நீங்க அவங்ககிட்டயே கேட்டுக்குங்க சார்." இன்சூரன்ஸ்காரர்களைக் கேட்டால், "ஹாஸ்பிடல் ப்ரீ-ஆத் அனுப்பட்டும், பார்த்துட்டுச் சொல்றோம்." ப்ரீ-ஆத் என்றால் பணம் தர முன்கூட்டி ஒப்புதல் கேட்கும் விண்ணப்பம். அன்றைக்கு எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்த ஒரே எண் அட்வான்ஸ் தொகை: 50,000 ரூபாய்.

யாரோ எங்களை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆறு வாரம் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, பாலிசி ஆவணத்தை வரிவரியாகப் படித்தபின் கோபம் கொஞ்சம் இடம் மாறியது. ரீஹேப் என்பது சிகிச்சையா பராமரிப்பா என்று நம்முடைய காப்பீட்டு விதிகளே முடிவுக்கு வரவில்லை. பொருள் இன்னதென்று தீர்மானம் ஆகாதபோது விலையை யார் சொல்வது?

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஊரில் சொந்தக்காரர் ஒருவரிடம் "அப்பாவை மறுவாழ்வு மையத்துல சேர்த்திருக்கோம்" என்றேன். போனில் ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு மெல்ல, "மாமா குடிப்பாரா?" என்றார். தமிழில் மறுவாழ்வு மையம் என்றாலே குடிநோய் சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. 2021-இல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. ஒரே சொல் இத்தனை பாரம் சுமக்கிறது. அதனால்தானோ என்னவோ, வார்டில் எல்லோருமே ‘ரீஹேப்’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால்தான் பின்னால் வரும் பாலிசி வாசகத்தின் வேடிக்கை புரியும். காலை ஏழரைக்கு பிசியோதெரபிஸ்ட் வந்து அப்பாவைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வைப்பார். சாயாமல் உட்காருவதற்கே நான்கு நாள் பிடித்தது. பத்து மணிக்கு இணைக்கம்பிகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். இடுப்பில் பெல்ட், பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். பிறகு ஆக்குபேஷனல் தெரபி: சட்டையின் வலது கையை முதலில் நுழைப்பது, பிறகு இடது. மதியத்துக்கு மேல் பேச்சுப் பயிற்சி. படங்களை வைத்துக்கொண்டு அந்தப் பெண் பொறுமையாகக் கேட்பார்: "இது என்ன அப்பா?" அப்பாவுக்குப் பசு என்று தெரியும். சொல் வராது. நெற்றியில் வேர்வை வரும். விழுங்கும் பயிற்சியில் தண்ணீரில் பொடி கலந்து கெட்டியாக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். முப்பத்து நான்கு வருடம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர், அந்த ஆறு வாரம் உழைத்ததுபோல் வாழ்க்கையில் உழைத்திருக்க மாட்டார்.

மூளையில் ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன பகுதி திரும்ப உயிர் பெறுவதில்லை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பகுதிகள், திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தால், இழந்த வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்தத் திறன் முதல் சில மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. மருத்துவர் ‘மூணு மாசம்’ என்று அழுத்திச் சொன்னது அதற்காக. கால தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அது எந்த பில்லிலும் வராது.

இந்த மருத்துவம் நமக்குப் புதிதும் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். வெளிநாட்டில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் கதையும் இப்படித்தான்: 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். ரீஹேப் என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர்கள் கட்டிய இடங்கள் இவை. பாலிசி வாசகத்தை எழுதியவர்களுக்கு அந்த அனுபவம் இருந்ததாகத் தெரியவில்லை.

மருத்துவக் காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் தர வேண்டியதில்லை என்ற விலக்குகளை, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் வகுத்துக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஐந்தாம் எண்ணின் தலைப்பில் ஓய்வு சிகிச்சை, ரீஹேப், இடைக்காலப் பராமரிப்பு மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் ப்ரீ-ஆத் நிராகரிக்கப்பட்டது இந்த ஐந்தைக் காட்டித்தான். உங்களுக்கும் அநேகமாக அதுதான் வரும்.

ஆனால் தலைப்பைத் தாண்டி உள்ளே படியுங்கள். சிகிச்சை பெறுவதற்காக அல்லாமல் முதன்மையாகக் கட்டாயப் படுக்கை ஓய்வுக்காகச் சேர்க்கப்படுவதற்கான செலவு கிடையாது என்கிறது முதல் வரி. அடுத்து, குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு உதவியாள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு கிடையாது. மூன்றாவதாக, இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான சேவைகளுக்குக் கிடையாது. தலைப்பில் இருந்த ‘ரீஹேப்’ உள்ளே எங்குமே விளக்கப்படவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை நிற்க வைத்து, நடக்க வைத்து, விழுங்க வைத்து, பேச வைக்கும் இடத்துக்கும் படுக்கை ஓய்வுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு முரண் எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது. ரீஹேப் மையங்களில் நோயாளியின் நிலையை அளக்கப் பரவலாகப் பயன்படுவது பார்த்தெல் அட்டவணை. 1965-இல் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று பத்துக் காரியங்கள்; பூஜ்யத்திலிருந்து 100 வரை மதிப்பெண். விலக்குப் பட்டியல் ‘பராமரிப்பு’ என்று தள்ளிவைக்கும் காரியங்களும் இந்த அட்டவணை சிகிச்சையின் இலக்காக வைக்கும் காரியங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான். குளிப்பாட்டுவது வேறு, குளிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. தமிழில் ஒரு சொல்லில் தெரியும் வித்தியாசம் க்ளெய்ம் பரிசீலிப்பவரின் மேசையில் தெரிவதில்லை. ‘நோயாளிக்கு அன்றாடக் காரியங்களில் உதவி தேவை’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தால் போதும், கதை முடிந்தது. எங்கள் சம்மரியில் இருந்தது.

விலக்கு ஒருபுறம் இருக்க, ரீஹேப் மையம் ‘மருத்துவமனை’தானா என்ற கேள்வியும் எழும். உரிய சட்டத்தின் கீழ் மருத்துவமனையாகப் பதிவு இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் பாலிசியின் வரையறை சில குறைந்தபட்ச நிபந்தனைகளைக் கேட்கிறது: பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15, இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியரும் மருத்துவரும், கூடவே, சொந்தமாக ஓர் அறுவைசிகிச்சை அரங்கு. கத்தியே எடுக்காத வைத்தியத்துக்கு அரங்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆகவே சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுக்கு 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது சில்லறைச் செலவுகள். சில்லறை என்று சொல்வது பெயருக்குத்தான். காப்பீட்டில் பணம் தரத் தேவையில்லாத 68 பொருட்கள், சேவைகளின் பட்டியல் ஒன்று ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. இதற்கென்று தனி ரைடர், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பீடு, வாங்கியிருந்தால் ஒழிய. அதில் என்னென்ன? டயப்பர். கிரேப் பேண்டேஜ். ஸ்ப்ளின்ட். கை தொங்கல் பட்டை. வாக்கர், ஊன்றுகோல். முதுகில் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை. அட்டெண்டர் கட்டணம், தனி நர்ஸ் கட்டணம். கையுறை. பக்கவாத நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கண்ணில் படுவதை எல்லாம் எழுதச் சொன்னால் இந்தப் பட்டியல்தான் வரும். காய்ச்சலுக்கு மூன்று நாள் சேர்ந்தவருக்கு இவை பொருட்டில்லை. ஆறு வாரம் கிடப்பவருக்கு இதுவே தனி பட்ஜெட். எங்களுக்கு அட்டெண்டர் சம்பளமும் டயப்பரும் சேர்ந்து மருந்துச் செலவைத் தாண்டிவிட்டன.

மருத்துவமனைத் தரப்பையும் சொல்ல வேண்டும். கண்புரைக்கோ முழங்கால் மாற்றுக்கோ அவர்களால் பேக்கேஜ் சொல்ல முடிகிறது. தொடக்கமும் முடிவும் உள்ள வேலை அது. ரீஹேப்பில் கட்டில் வாடகை நாள் கணக்கு, தெரபி அமர்வுக் கணக்கு, மருத்துவர் வருகை தடவைக் கணக்கு, அட்டெண்டர் ஷிஃப்ட் கணக்கு, பொருட்கள் எண்ணிக்கைக் கணக்கு. ஐந்தும் ஐந்து வேகத்தில் ஓடுகின்றன. நடுவில் ஒரு நிமோனியா வந்தால் எல்லாம் தலைகீழ். இதுவரைக்கும் நியாயம். ஆனால் கட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு, ஓர் அமர்வு எத்தனை நிமிடம், ஞாயிற்றுக்கிழமை தெரபி இல்லாவிட்டாலும் பேக்கேஜில் அந்த நாள் சேருமா என்பதெல்லாம் யாருடைய கண்டிஷனையும் பொறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி என் மூளையில் உதித்ததே மூன்றாவது வாரம், பில்லைப் பார்த்தபிறகுதான். இடைக்கால பில்லில் வரி என்று ஒரு வரி வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவு தவிர்த்த அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 2022 ஜூலை 18-இல் வந்த விதி. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில் கட்டணங்களை முன்கூட்டி வெளிப்படையாகத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. எங்கள் மையத்தின் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். லிஃப்டுக்கும் தீயணைப்புக் கருவிக்கும் நடுவில்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, மருத்துவமனையில் தங்கிச் செய்யும் ரீஹேப்பைத் தனி வகையாகவே அங்கீகரிக்கிறது. நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் தீவிரப் பயிற்சியை நோயாளி தாங்குவார் என்று எதிர்பார்க்கலாமா என்பது அங்கே வழக்கமான அளவுகோல். 2025-இல் நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டியிருந்த முதல் தொகை 1,676 டாலர். 60 நாள் வரை கூடுதலாக இல்லை. 61-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாள் வரை தினம் 419 டாலர். அந்த நாட்டு மருத்துவச் செலவைப் புகழ்ந்து பேச எனக்கு ஆசை இல்லை, அங்கே வேறு வகைக் கொடுமைகள் உண்டு. ஆனாலும் அந்த மூன்று மணி நேர அளவுகோல் முக்கியம். ஓய்வு எது, சிகிச்சை எது என்று பிரிக்க ஒரு கோடு போட முடிந்திருக்கிறது.

நம் விதிகளுக்குள்ளேயும் ஒரு சந்து இருக்கிறது. மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பிந்தைய செலவு என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பகுதி உண்டு. 2020-இல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் இது 60 நாள், மற்றவற்றில் கூடலாம். அதே நோய்க்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபியை இந்தப் பகுதியின் கீழ் கேட்கலாம். அதாவது வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பினால் பணம் வர வாய்ப்பு இருக்கிறது. எழுந்து நிற்க முடியாததால் அங்கேயே கட்டில் எடுத்தால் ஐந்தாம் எண் குறுக்கே வருகிறது. உடம்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு குறைவாகக் கிடைக்கும் என்ற விசித்திரமான தராசு.

எங்கள் விஷயத்தில் தம்பி ஒரு காரியம் செய்தான். மையத்தில் பேசி, தெரபிக் கட்டணங்களைக் கட்டில் வாடகையிலிருந்து பிரித்து, தேதி, அமர்வு, தெரபிஸ்ட் கையெழுத்துடன் தனி பில்லாக வாங்கினான். திருச்சி மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் இணைத்தான். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 60 நாளுக்குள் வந்த தெரபித் தொகையில் ஒரு பகுதி மட்டும் கிடைத்தது. கட்டில் வாடகையும் அட்டெண்டரும் எங்கள் பாடு.

நிராகரிப்பை எதிர்க்க நினைப்பவர்களுக்கு: 2024 மே 29-ஆம் தேதி வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. முதன்மைச் சுற்றறிக்கைப்படி, காப்பீட்டு நிறுவனம் எந்த விதியின் கீழ் மறுக்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், நிறுவனத்துக்குள் ஒரு மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் க்ளெய்மை மறுக்கக் கூடாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலுக்கு அனுமதியும் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். கடிதத்தில் உணர்ச்சிவசப்பட்டு எழுதி பயனில்லை. படுக்கை ஓய்வு நடக்கவில்லை, சிகிச்சை நடந்தது என்று காட்டும் தாள்கள்தான் பேசும்: தினசரி தெரபிக் குறிப்பு, மருத்துவர் தினமும் பார்த்த பதிவு, விழுங்கும் சோதனை முடிவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தெல் மதிப்பெண். அப்பா சேரும்போது 15. ஆறாம் வாரம் 55. இந்த மதிப்பெண்ணை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால், ‘கண்டிஷனைப் பொறுத்தது’ என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி என் கையில் இருந்திருக்கும்: 15-இல் வருகிறவர்கள் உங்களிடம் வழக்கமாக எத்தனை வாரம் இருக்கிறார்கள்?

பணமே இல்லாதவர்களுக்கு, அல்லது எங்களைப்போல் ஆறாம் வாரத்தோடு பணம் தீர்ந்தவர்களுக்கு, அரசு வழிகள் இருக்கின்றன. நாங்கள்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. வாரக்கணக்கில் நடக்க வேண்டிய பயிற்சிக்கு அந்த வருகைகளின் இடைவெளி போதுமா என்றால், போதாது. வந்தவர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை அம்மா தினம் இரண்டு வேளை செய்ய வைக்கிறாள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்ற சில நரம்பு நோய்களுக்கான சிகிச்சைச் செலவில் வரிக்கழிவு உண்டு, பேச்சிழப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் புகார் இப்போது ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்காக பில்களை அடுக்கியபோதுதான் கவனித்தோம்: முதல் வாரத்து மருந்துக்கடை பில்கள் எல்லாம் தெர்மல் தாளில் அச்சானவை, பாதிக்கு மேல் வெளுத்துப்போய் வெற்றுத்தாளாகியிருந்தன. தொகை தெரிகிற வரைக்கும் தம்பி டார்ச் அடித்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பில் கையில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.